மாடக்குழி காலியாக இருந்தால்

கண்ணீர் விட்டுக்கொண்டே செய்யக்கூடிய வேலைகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. வெங்காயம் நறுக்கலாம், துணி துவைக்கலாம், பஸ்கூட ஓட்டலாம். ஷாம்பெயின் மாதிரியான நுரை ஒயினைப் பற்றி வகுப்பெடுப்பதை மட்டும் அப்படிச் செய்ய முடியாது. கல்யாண நாள், பிறந்த நாள், பதவி உயர்வு என்று ஏதாவது ஒரு சந்தோஷத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் முன்னால் நின்று, சிரித்த முகத்தோடு பேச வேண்டும். பதினேழு வருஷம் அதைத்தான் செய்தாள் நுரையக்கா. கடைசி ஐந்து மாதம் செய்யவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார் முதலாளி.

"ஜனங்க போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் மூலையில உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கிட்டு இருப்பீங்க? வேலையில இறங்கினா மனசு தானா ஆறும்," என்றார்.

மனசு ஆறுவதைப் பற்றி முதலாளிகளுக்கு எப்போதுமே நிறையத் தெரியும்.

அது சின்ன ஒயின் சாலை. மேலே ருசி பார்க்கும் கூடம், பக்கத்தில் சமையலறை. பன்னிரண்டு படி இறங்கினால் நிலவறை. அங்கே சுவரோரம் மரத்தட்டிகளில் பாட்டில்கள் தலைகீழாகச் செருகியிருக்கும். அதற்கு அப்பால், கனமான கதவுக்குப் பின்னால், திராட்சைச் சாறு புளிக்கும் தொட்டி அறை. நிலவறை முழுக்க நுரையக்காவின் தம்பியின் பொறுப்பில் இருந்தது. சமையலறை தம்பி பெண்டாட்டியின் பொறுப்பு. கூடம் நுரையக்காவினுடையது. "மூணு பேரும் சேர்ந்து லீவு போட்டா கம்பெனியை இழுத்து மூடிட வேண்டியதுதான்," என்று தம்பி கேலி செய்வான். அவன் ஒருவன் போனதற்கு யாரும் எதையும் இழுத்து மூடவில்லை. மறுவாரமே புது ஆள் வந்துவிட்டான்.

ஞாயிறு மதியம் கூடத்துக்குள் நுழைந்ததும் நுரையக்கா முதலில் பார்த்தது மேசை மேலிருந்த மெழுகுவர்த்தியைத்தான். தகரப் பிடி போட்ட குட்டையான மெழுகுவர்த்தி. பிடியின் ஓரம் நசுங்கியிருந்தது. அதை இங்கே யார் வைத்தது என்று கேட்டபோது முதலாளி பெருமையாகச் சொன்னார்.

"நான்தான். கீழ ரெண்டு காஸ் மீட்டர் மாட்டியாச்சே, இனிமே இதுக்கு அங்க என்ன வேலை? மேசையில இருந்தா அழகா இருக்கும். நீங்க அந்தக் கழுத்து வித்தை காட்டுவீங்களே, அதுக்கும் ஆச்சு."

 நுரையக்கா அதைப் பார்க்காமல் இருக்க ஒரு பாட்டிலை எடுத்து அதற்கு முன்னால் மறைவாக வைத்தாள். அப்படியும் நசுங்கிய ஓரம் தெரிந்துகொண்டே இருந்தது.

அந்த மெழுகுவர்த்தியின் கதை இதுதான். சாறு புளிக்கும்போது கரியமில வாயு கிளம்பும். நிறமில்லை, கனமானது, தண்ணீர் மாதிரி தரையோடு தேங்கி நிற்கும். ஆள் உள்ளே போனால் இரண்டு மூச்சில் விழுவான். அதைக் கண்டுபிடிக்க ஒரு மீட்டர் இருந்தது. பெரும்பாலும் பழுதுபார்க்கும் கடையில்தான் இருந்தது. ஆகவே நிலவறைக்காரர்கள் நம்பியது தொட்டி அறைக் கதவோரம் சுவரில் இருந்த மாடக்குழியைத்தான். குழியில் மெழுகுவர்த்தி இருந்தால் உள்ளே யாருமில்லை என்று அர்த்தம். அதை ஏற்றி, இடுப்புக்குக் கீழே முன்னால் நீட்டியபடி போக வேண்டும். சுடர் சுருங்கினால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். குழி காலியாக இருந்தால் யாரோ சுடரோடு உள்ளே இருக்கிறார்கள். அப்போது கதவில் நின்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் நாமும் போகலாம்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. பதில் வராமல் இருந்ததே இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால், தொட்டிகள் எல்லாம் புளித்துக் கொதித்துக்கொண்டிருந்த அறுவடைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் பன்னிரண்டு விருந்தாளிகள். தலைகீழாக வைத்த பாட்டிலின் கழுத்தில் வண்டல் இறங்கி நிற்பதை வெளிச்சம் காட்டி விளக்குவது நுரையக்காவின் வழக்கம். அதைத்தான் முதலாளி கழுத்து வித்தை என்பார். அன்றைக்கு டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தது. கீழே இறங்கினாள். யாரையும் காணோம். மாடக்குழியிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டாள். பத்தே நிமிஷம், திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தாள். சொந்த வீட்டில் உப்பு ஜாடியை எடுக்கிறவள் மாதிரி எடுத்தாள்.

வித்தை முடிந்ததும் யாரோ ஒருவர் கல்யாண கேக்குக்கு எந்த ஒயின் என்று கேட்டார். நுரையக்கா ஒரு கதை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு கதை சொன்னாள். பத்து நிமிஷம் அரை மணியாகிவிட்டது. அவர்கள் சிரித்தது அவளுக்குப் பிடித்திருந்தது. மற்றதையெல்லாம்கூட மன்னித்துக்கொள்ள முயன்றாள், அந்தச் சந்தோஷத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை.

கீழேயிருந்து கூச்சல் வந்தபோது கையில் எதை எடுத்தோம் என்று தெரியாமல் ஓடினாள். கதவருகே போனதும் கையில் மெழுகுவர்த்தி இருப்பது தெரிந்தது. கையைக் காலி செய்ய வேண்டும், தம்பியைத் தூக்க வேண்டும். வேறெங்கே வைப்பாள்? பதினேழு வருஷப் பழக்கத்தில் அதை மாடக்குழியில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு உள்ளே பாய்ந்தாள். காலைப் பிடித்து இழுத்துத்தான் அவனை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள். எச்சரிக்கை விளக்கு உரிய இடத்தில் இருந்தும் பயன்படுத்தப்படவில்லை, பணியாளரின் கவனக்குறைவு. மீட்டர் எங்கே என்ற கேள்விக்கு அந்த ஒரு வார்த்தை போர்வை போர்த்திவிட்டது. முதலாளிக்கு அது ரொம்ப வசதி. பாட்டில் கழுவும் பெரியவர் மட்டும் ஒன்று சொன்னார். தம்பி கதவில் நின்று, "உள்ள யாரு? யாருங்க உள்ள? பதில் சொல்லுங்க," என்று மூன்று தடவை கத்தினதைக் கேட்டாராம். மெழுகுவர்த்திதான் குழியில் இருக்கிறதே, பிறகு எதற்காக அப்படிக் கத்தப்போகிறான்? பெரியவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது. செவிட்டுக் காதில் விழுந்ததை யார் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்? அவர் அத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

அவர் சொன்னதன் அர்த்தம் உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை.

இதுகூடப் பரவாயில்லை என்று நினைக்க வைத்தது அடுத்த வாரம் நடந்த ஒன்று. தம்பி பெண்டாட்டி ஒரு நாள் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நுரையக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

"நான்தான் அண்ணி அவரைக் கொன்னேன். அன்னைக்குக் காலைல ஒண்ணுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டாருன்னு. போய்த் தொலைங்கன்னு சொல்லிட்டேன். அந்தக் கோவத்துலதான் மெழுகுவர்த்தியை எடுக்காம போயிருக்காரு."

நுரையக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "அப்படியெல்லாம் இல்லம்மா. விதி," என்றாள். வாயில் நின்ற அடுத்த வார்த்தையை விழுங்கினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளை வந்தது, நாளன்றைக்கு வந்தது. சொல்லாத ஒவ்வொரு நாளும் அடுத்த நாளுக்கு இன்னும் கொஞ்சம் கனத்தைக் கூட்டியது. ஐந்து மாதத்தில் அது அவளால் தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது.

தம்பி பெண்டாட்டி முன்னெல்லாம் பேச ஆரம்பித்தால் பாத்திரங்களே வாயை மூடிக்கொள்ளும். இப்போது இருக்கிற இடம் தெரியவில்லை. யாரிடமும் எதற்கும் மறுத்துப் பேசுவதில்லை. எதைச் சமைத்தாலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறவள், இப்போது எதையும் வாயில் வைப்பதில்லை. வாய்தானே எல்லாவற்றுக்கும் காரணம் என்று அதற்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று வகுப்புக்கு நான்கு பேர்தான். ஒரு பல் டாக்டர், அவர் மனைவி; கல்யாணமாகி மூன்று வாரமான ஒரு ஜோடி. புதுப்பெண் மாப்பிள்ளையின் சட்டைக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள்.

நுரையக்கா முதல் பாட்டிலை எடுத்தாள். கார்க்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, பாட்டிலை மட்டும் திருகினாள். புஸ் என்று மெல்லிய சத்தம் வந்தது.

"வெடிக்கலையே?" என்றான் மாப்பிள்ளை ஏமாற்றமாக.

"வெடிச்சா திறந்தவருக்கு அவசரம்னு அர்த்தம். பாதி நுரை தரையில போயிடும். கார்க்கைத் திருகாதீங்க, பாட்டிலைத் திருகுங்க. பெருமூச்சு விடற சத்தம் வந்தா போதும்."

பழைய வார்த்தைகள் தாமாகவே வந்தன. அதில் அவளுக்கே ஆச்சரியம். நாக்குக்குத் துக்கம் தெரியாது போலிருக்கிறது.

"நுரை ஒயின்ல முக்கியமா ரெண்டு வழி. முதல் வழி, பெரிய தொட்டியில நுரைக்க வச்சு அப்புறம் பாட்டில்ல அடைக்கறது. இப்ப உங்க கையில இருக்கறது அதுதான். ஆப்பிள், பேரிக்காய் வாசனை வரும். லேசான சுபாவம். பழத்தோட, சாலட்டோட, சும்மா கதை பேசிக்கிட்டே குடிக்க நல்லா இருக்கும். ரெண்டாவது வழி, ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளேயும் தனித்தனியா நுரைக்க வைக்கறது. வருஷக்கணக்கா வண்டலோட கிடக்கும். அதனால சுட்ட ரொட்டி வாசனை, வறுத்த பருப்பு வாசனை. இதுக்குப் பொறுமை வேணும்."

"என் மனைவி மாதிரி," என்றார் பல் டாக்டர்.

"ஆமா, வருஷக்கணக்கா இவரோட கிடக்கறேன்ல," என்றாள் அவர் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கும் இதே சிரிப்பு, இதே கூடம்.

இரண்டாவது கிளாஸை ஊற்றிக்கொண்டே சர்க்கரை விஷயத்துக்கு வந்தாள். பல் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவருடைய துறை.

"லேபிள்ல 'புரூட்'னு இருந்தா சர்க்கரை ரொம்பக் கம்மி. 'எக்ஸ்ட்ரா டிரை'ன்னு இருந்தா அதைவிடக் கம்மின்னுதானே நினைப்பீங்க? கிடையாது. அதுலதான் ஜாஸ்தி. பேர் வச்சவர் குடிச்சிட்டு வச்சிருக்கணும். 'டெமி செக்'னா நல்ல இனிப்பு. ஒரே ஒரு சட்டம் ஞாபகம் வச்சுக்கோங்க. தட்டுல இருக்கற இனிப்பைவிட கிளாஸ்ல இனிப்பு ஒரு படி தூக்கலா இருக்கணும். கல்யாண கேக்கோட புரூட் குடிச்சா, ஒயின் புளிச்சு முகத்தைச் சுளிக்கும்."

"எங்க கல்யாணத்துல அதைத்தான் குடிச்சோம்," என்றாள் புதுப்பெண். "இவர் நல்லா இருக்குன்னு மூணு கிளாஸ் குடிச்சாரு."

"அன்னைக்கு அவருக்கு எது கொடுத்தாலும் நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றாள் நுரையக்கா. "புரூட்டுக்கு உப்பும் எண்ணெயும்தான் கூட்டாளி. பொரிச்ச மீன், பொரிச்ச கோழி, உருளைக்கிழங்கு வறுவல். எண்ணெய் நாக்குல படியும், நுரை வந்து துடைச்சிட்டுப் போகும். மறுபடி முதல் வாய் மாதிரியே இருக்கும்."

தம்பி பெண்டாட்டி வறுவல் தட்டுகளோடு வந்தாள். சத்தமில்லாமல் ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். பல் டாக்டர் ஒன்றை எடுத்துக் கடித்தார், ஒயினைக் குடித்தார், மறுபடி கடித்தார். ஏதோ சொல்ல வந்து மனைவியைப் பார்த்தார். மனைவி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தது நுரையக்காவுக்குத் தெரிந்தது. தானும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தாள். ஒரு கல் உப்புக்கூட இல்லை.

குமிழி எங்கிருந்து வருகிறது என்ற பகுதியை இன்றைக்கு விட்டுவிடுவது என்று நுரையக்கா காலையிலேயே தீர்மானித்திருந்தாள். ஆனால் பல் டாக்டர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தக் குமிழி எங்கேர்ந்துங்க வருது? வெளியிலேர்ந்து ஏத்தறதா?" என்று கேட்டுவிட்டார்.

"இல்லைங்க. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னுட்டு விடற மூச்சு. கரியமில வாயு. பாட்டில் மூடியிருக்கறதால தப்பிக்க வழியில்லாம ஒயின்லயே கரைஞ்சு கிடக்கு."

"அப்போ தொட்டியில புளிக்கும்போது அவ்வளவு காஸும் அறையிலதானே நிக்கும்? ஆபத்து இல்லையா?"

நுரையக்கா அடுத்த பாட்டிலை எடுக்கத் திரும்பினாள். பதில் பின்னாலிருந்து வந்தது. தட்டைப் பிடித்தபடி நின்ற தம்பி பெண்டாட்டி, கடைக்கு வழி சொல்கிறவள் மாதிரி சாதாரணக் குரலில் பேசினாள்.

"கவனமா இருந்தா ஆபத்து இல்லைங்க. வாசல்ல ஒரு மெழுகுவர்த்தி இருக்கும், அதை எடுத்துட்டுப் போனா ஒண்ணும் ஆகாது. என் வீட்டுக்காரர் எடுக்காம போயிட்டாரு. அஞ்சு மாசம் ஆச்சு."

 அவள் புதுப்பெண் பக்கம் திரும்பினாள்.

"அவர் மறக்கற ஆள் இல்லம்மா. அன்னைக்குக் காலைல நான் திட்டி அனுப்பிட்டேன், அதான் மறந்துட்டாரு. நீ புதுசாக் கட்டிக்கிட்டவ, அதான் சொல்றேன். எவ்வளவு கோவம் இருந்தாலும் வாசல்ல வச்சு ஒரு வார்த்தை தப்பா சொல்லிடாதே. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது."

புதுப்பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தம்பி பெண்டாட்டி இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், இன்னும் எத்தனை வருஷம் சொல்லப்போகிறாள் என்று நுரையக்கா நினைத்துப் பார்த்தாள். காய்கறிக் கடையில், பஸ் நிறுத்தத்தில், தெரியாத பெண்களிடமெல்லாம் தான் கொலைகாரி என்று இவள் சொல்லிக்கொண்டே கிழவியாகிவிடுவாள். நுரையக்கா பக்கத்தில் நின்று தலையைத் தடவிக்கொண்டே இருப்பாள்.

"நிறுத்தும்மா," என்றாள் நுரையக்கா. "அவன் எதையும் மறக்கல."

மறைவாக வைத்திருந்த பாட்டிலை நகர்த்தினாள். தகரப் பிடி வெளியே தெரிந்தது.

"அன்னைக்கு இது குழியில இல்ல. இங்கதான் இருந்துச்சு, இதே மேசையில. டார்ச் எரியல, நான் கீழ போய் எடுத்துட்டு வந்தேன். திரும்ப வைக்கறதுக்குள்ள கதை பேசிட்டேன். சத்தம் கேட்டு ஓடி வந்தப்போ கையோட கொண்டுவந்து குழியில வச்சிட்டேன். ஆபீசருங்க பார்த்தது நான் வச்சதை."

தம்பி பெண்டாட்டி தட்டை மேசையில் வைத்தாள். மாடக்குழிச் சட்டம் அவளுக்கும் தெரியும். அவள் அதை மனதுக்குள் படிப்படியாக இறங்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"குழி காலியா இருந்துச்சா?"

"ஆமா."

"அப்போ உள்ள யாரோ இருக்காங்கன்னு நினைச்சிருப்பாரு."

"ஆமாம்மா. கூப்பிட்டிருக்கான். பதில் வரல. யாரோ விழுந்து கிடக்கறாங்கன்னு தூக்கப் போயிருக்கான்."

"பாட்டில் கழுவற அய்யா சொன்னாரே. உள்ள யாருன்னு கேட்டாருன்னு. செவிட்டுக் காதுன்னு எல்லாரும் சொன்னீங்களே."

"நானும் சேர்ந்துதான் சொன்னேன்."

கிளாஸ்களில் நுரை அடங்கும் சத்தம்கூடக் கேட்டது. முதலாளி வாசலில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தம்பி பெண்டாட்டி அழவில்லை, கத்தவில்லை. நுரையக்காவை நேராகப் பார்த்து, "அஞ்சு மாசம், அண்ணி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு என்ன செய்கிறோம் என்று தெரியாதவள் மாதிரி பல் டாக்டரின் தட்டிலிருந்து ஒரு வறுவலை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மெல்ல மெல்ல அவள் புருவம் சுருங்கியது. "உப்பே போடல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேசை மேலிருந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நுரையக்காவும் இறங்கினாள். திட்டினால் கேட்டுக்கொள்ளலாம், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இறங்கினாள். அதற்காக மனம் கிட்டத்தட்ட ஏங்கியது. யாராவது ஓங்கி ஓர் அறை கொடுத்தால் இந்த ஐந்து மாதத்துக்கும் கொஞ்சம் காற்று வரும்.

தம்பி பெண்டாட்டி தொட்டி அறைக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள். அறுவடை முடிந்து தொட்டிகளெல்லாம் காலி. மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. மெழுகுவர்த்தி இன்னும் அவள் கையில் இருந்தது. காலியாக இருந்த மாடக்குழியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"உள்ள யாரு?" என்றாள் மெதுவாக.

காத்திருந்தாள்.

"யாருங்க உள்ள? பதில் சொல்லுங்க."

நுரையக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். தம்பி செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அன்றைக்கு ஒரு பொய்யைக் காவல் காக்கிற வேலை இருந்தது.

தம்பி பெண்டாட்டி மெழுகுவர்த்தியைக் குழியில் வைத்தாள். நசுங்கிய பக்கம் சுவரோரம் போகும்படி திருப்பி வைத்தாள்; தம்பி அப்படித்தான் வைப்பான்.

"எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கணும்னு அவர் உயிரை வாங்குவாரு," என்றாள் திரும்பாமலே. "துண்டைத் தவிர."

"என்னை என்ன வேணா சொல்லும்மா."

"சொல்ல என்ன இருக்கு? நீங்க வேணும்னு எடுக்கல. அது எனக்குப் புரியுது. யார் வேணா எடுத்திருப்பாங்க." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஆனா நான் உங்க மடியில படுத்துக் கேட்டேன். நான்தான் கொன்னேனான்னு உங்களைத்தான் கேட்டேன். விதின்னு சொன்னீங்க."

 தம்பி பெண்டாட்டி அவளைத் தாண்டிப் படியேறிப் போனாள். தாண்டும்போது புடவை ஓரம்கூடத் தன்மேல் படாமல் அவள் ஒதுக்கிக்கொண்டதை நுரையக்கா கவனித்தாள்.

அந்த வாரம் நுரையக்கா அதிகாரிகளிடம் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கவனக்குறைவு என்ற வார்த்தையைத் தம்பியின் பெயரிலிருந்து எடுக்க அவர்கள் எத்தனை மாதம் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. மீட்டரைப் பற்றியும் எழுதியிருந்தாள். வேலை போகும் என்று நினைத்தாள். முதலாளி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வேறு ஆள் கிடைக்காததால் நான்காம் நாள் இறக்கி வைத்தார்.

ஞாயிறு மதியம் ஆறு பேர் வந்திருந்தார்கள். டார்ச்சில் புது பேட்டரி போட்டிருந்தாள். சமையலறையிலிருந்து பாத்திரச் சத்தமும், அதற்கு மேலே ஒரு குரலும் கேட்டன. தம்பி பெண்டாட்டி பால்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பால் தண்ணீராக இருக்கிறதாம். அவர் ஒன்று சொன்னால் இவள் மூன்று சொன்னாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். நுரையக்கா கையில் பாட்டிலோடு நின்று கடைசி வரை கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வறுவல் வந்தது. பொன்னிறம். விருந்தாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள் நுரையக்கா. உப்பு அவ்வளவு சரியாக இருந்தது.

"நல்லா இருக்கும்மா," என்றாள்.

தம்பி பெண்டாட்டி கடைசித் தட்டை மேசையில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டாள். மரியாதையான குரலில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் பேசுவது போல, "எல்லாத் தட்டும் வச்சாச்சு, மேடம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.